பெருக்கித் தள்ளிய தடம்

நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். அலாரம் தேவையில்லை. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டென்று எழுந்து உட்காருவேன், கூப்பிட்டவர் யாரும் இருக்கமாட்டார். ஈஜிபுராவில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. கதவைத் திறந்தால் வாசல் என்று இருப்பது கை அகலம். அதைத் தாண்டினால் எதிர்வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. அந்தக் கை அகலத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்குகிறேன். நாலு இழுப்பு, ஒரு சொம்பு தண்ணீர், முடிந்தது. துடைப்பம் ஓய்ந்த பிறகும் கை ஓயாது. இன்னும் கொஞ்சம் தரை கொடு, இன்னும் கொஞ்சம் என்று அது உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தொம்மலூரில் ஆபீஸ். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு என்று தேடுவது என் வேலை. தேடினால் கிடைக்கும், எப்போதும் கிடைக்கும். நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள், பஸ்ஸில் நின்றுகொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. கென்யாவின் வடக்கே ஒரு கிராமத்தில் தன்னார்வலர்கள் வேண்டும். கழுதைப்புலிகளின் நடமாட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மழைநீர்த் தொட்டி கட்டுவதிலும் கை கொடுக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று முதுகில் தட்டாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். நான் முன்னால் நகர்ந்தேன். நகர்ந்துகொண்டே விண்ணப்பத்தை நிரப்பினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பன்னேர்கட்டா பக்கம் யானை ரோட்டுக்கே வருதாம். ஒரு பஸ் ஏறினா போதும். இதுக்கு ஏரோப்ளேன் எதுக்கு?"

"யானை இல்லீங்க. கழுதைப்புலி."

"அதுக்கு ஸ்ரீராம்புரம் போதுமே. எங்கண்ணன் இருக்கான்ல."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இங்க என்ன இல்ல உனக்கு?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். எல்லாம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஒன்று குறைந்திருந்தால் பேர் சொல்லிக் காட்டியிருப்பேன். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இறங்கிய ஊரில் பூமி ஒரே கல். சிவப்பாக, இறுகி, மத்தியானத்தில் சட்டியாகக் காயும் கல். அதன் நடுவே தண்ணீரில்லாத ஓர் ஆறு மணலாகக் கிடந்தது. ஆற்றங்கரை ஓரமாக முள்வேலி போட்ட ஆட்டுப்பட்டிகள். ஒரு பட்டியை ஒட்டி, தகரக்கூரை போட்ட அறை ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். பட்டிக்குச் சொந்தக்காரி என் வயதுப் பெண்மணி, உயரமானவள், கழுத்து நிறைய மணிச்சரம். கணவர் இல்லை. பதினேழு ஆடுகளும் ஒரு நாயும் இருந்தன. பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்த நாய். ராத்திரி முழுக்க பட்டியைச் சுற்றி நடப்பது அதன் வேலை. நானும் தூங்காத ஜாதி. முதல் ராத்திரியே ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், உனக்கும் வரலையா என்பது போல.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரர், தடம் பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். ஆங்கிலம் பேசினார். மற்றவர்கள் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வதும் அவர்தான். அவர் பேசியது ஆங்கிலம் என்றாலும், நினைத்துப் பார்க்கும்போது எல்லாம் தமிழில்தான் கேட்கிறது.

"இந்த ஊர்த் தரை கல்லு. யார் நடந்தாலும் சொல்லாது" என்றார் அவர். "அதனால நாங்க ஆத்து மணலை அள்ளிக் கொட்டி வெச்சிருக்கோம்."

அந்தப் பெண்ணின் பட்டிக்கும் பக்கத்துப் பட்டிக்கும் நடுவில், ஆற்றிலிருந்து எந்த மிருகம் ஏறி வந்தாலும் கடக்கவேண்டிய இடத்தில், பத்தடி அகலத்துக்கு மணல் விரித்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு கிளையை இழுத்து அதைச் சமன் செய்வார்கள். விடிந்ததும் வந்து, ராத்திரி யார் வந்தது, யார் போனது என்று காலடி பார்த்து எழுதிக்கொள்வார்கள். வேலை அவ்வளவுதான். எனக்கு முதல் நாலு நாள் தண்ணீர்த் தொட்டி வேலை. மணல் பக்கம் பிறகு வரலாம் என்றார். ஒரே ஒரு விதி சொன்னார்.

"அதுல கால் மட்டும் வெச்சிராத."

வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. வழக்கம்போல விழிப்பு. வெளியே வந்து நின்றேன். வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. எதிரே இவ்வளவு பெரிய வாசல். என் வாழ்நாளில் எனக்கென்று கிடைத்திராத வாசல். காற்றில் விழுந்த முள்ளிலைகள், ஆட்டுப் புழுக்கை, எதுவோ கிளறிவிட்டுப் போன குப்பை. மணல் விரிப்பு அலங்கோலமாகக் கிடந்தது. கதவோரம் ஒரு கட்டைத் துடைப்பம் சாத்தியிருந்தது. அந்தப் பெண்மணி இரண்டு நாளாக எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே என்று மனசு அரித்தது. கை எப்போது துடைப்பத்தை எடுத்தது என்று எனக்கே தெரியாது.

முதலில் அவள் பட்டி முன்னால் பெருக்கினேன். அப்புறம் என் அறை முன்னால். அப்புறம் மணல். அதில் கால் வைக்கக் கூடாது அல்லவா, அதனால் ஓரத்தில் நின்று, எட்டி, குனிந்து, இந்தப் பக்கம் பாதி, சுற்றிப்போய் அந்தப் பக்கம் பாதி. என்ன ஒரு பதவிசு! கடைசியில் ஒரு வாளித் தண்ணீரையும் தெளித்தேன், புழுதி அடங்கட்டும் என்று. கோலமாவு இல்லை, இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பேன். நிமிர்ந்து பார்த்தபோது ஈர மணல் வாசனை. இத்தனை வருஷ அரிப்பு ஒரு நிமிஷம் அடங்கிய மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கத்துப் பட்டியிலிருந்து கூச்சல் வந்தது. அந்தப் பட்டிக்காரர் வயதானவர், அந்தப் பெண்ணின் கணவருக்கு அண்ணன். அவருடைய ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணோம். முள்வேலியில் ஓரிடம் விலகியிருந்தது, ரத்தம் சொட்டியிருந்தது. அவர் கத்திக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். கிழிந்த காது நாய் பட்டியோரம் படுத்து ஒரு குட்டியின் காலை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. வாயெல்லாம் சிவப்பு.

தடம் பார்ப்பவர் ஓடி வந்தார். நாயைப் பார்க்கவில்லை, கிழவரைப் பார்க்கவில்லை. நேராக மணலுக்குத்தான் போனார். குந்தினார். எழுந்தார். மறுபக்கம் போய்க் குந்தினார்.

"யார் பெருக்கினது?"

துடைப்பம் என் கையிலேயே இருந்தது.

எனக்கு அவர் விளக்கியது பிறகுதான். அந்த ஊரில் ஆட்டை அடித்த நாயை உயிரோடு விடமாட்டார்கள். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அது நிறுத்தாது என்பது கணக்கு. கழுதைப்புலி அடித்துத் தின்று, மிச்சத்தை நாய் எடுத்திருந்தால் அது குற்றமில்லை. இரண்டில் எது என்று சொல்லக்கூடியது மணல் ஒன்றுதான். கழுதைப்புலிக்கு முன்னங்கால் பெரிசு, பின்னங்கால் சின்னது. ஒரு தடம் போதும், சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த ஒரு தடத்தைத்தான் நான் எட்டி, குனிந்து, சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தேன்.

பத்து மணிக்குப் பெரியவர்கள் கூடினார்கள். என்னையும் உட்காரவைத்தார்கள். நான்தான் பெருக்கினேன் என்று சொன்னேன். தடம் பார்ப்பவர் அதை அவர்கள் மொழியில் சொன்னார். பிறகு ஒருவர் கேட்டார், "எதுக்கு?"

எங்கள் ஊரில் விடிந்ததும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்போம், அதுதான் மரியாதை என்றேன்.

"மண்ணையா பெருக்குவீங்க?"

"ஆமா."

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப ராத்திரி யார் வந்துட்டுப் போனாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த நாய்க்காரி வாயைத் திறந்தாள். ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், கிழவர்கூட. தடம் பார்ப்பவர் எனக்குச் சொல்லத் தயங்கினார். சொல்லுங்கள் என்றேன்.

"திருடனுங்களுக்கு உங்க ஊருதான் சொர்க்கம்னு சொல்றா."

சிரித்தது வாய்தான். அவள் கை மடியில் மணிச்சரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

தீர்ப்பு இப்படி ஆயிற்று. நாயைக் கிழவரின் பட்டியில் பதினாலு நாள் கட்டிவைப்பது. ராத்திரியில் அவளே அவிழ்த்துவிட்டுவிடக் கூடாது என்பதால் அவர் வசம். நாய் கட்டியிருக்கும்போது ஊரில் இன்னொரு ஆடு போனால், அடித்தது வேறு ஒன்று என்று ஆகும், நாயை விட்டுவிடுவார்கள். பதினாலு நாளும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் நாய்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு அங்கே மிச்சம் இருந்தது ஒன்பது நாள். பெருக்கியதற்குத் தண்டனையோ பிராயச்சித்தமோ, தொட்டி வேலையிலிருந்து எடுத்து மணல் வேலைக்கு என்னைப் போட்டார்கள். தினமும் விடிகாலை தடம் பார்ப்பவரோடு குந்தி உட்கார்ந்தேன். கீரியின் காலடி தையல் போட்ட மாதிரி. முயல் ஓடினால் பின்னங்கால் முன்னால் விழும். அவளுடைய செருப்பு, டயரில் வெட்டித் தைத்தது, இடது குதிகால் தேய்ந்திருக்கும். ராத்திரியில் அவள் மூன்று தடவை கிழவரின் வேலிவரை போய்த் திரும்பியிருக்கிறாள் என்று மணல் சொன்னது. நாய் கத்தும்போதெல்லாம் போயிருக்கிறாள். எல்லோரும் வந்தார்கள். கழுதைப்புலி மட்டும் வரவில்லை.

வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். காட்டு உயிர்களைக் காக்கப் போன நான், ஒரு கழுதைப்புலி வந்து யாரோ ஏழையின் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னிடம் கோபப்படவில்லை. பால் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதே குவளையில், அதே சூட்டில். கோபப்பட்டிருந்தால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தூங்கியிருப்பேன். கிளம்பும் நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்ல நினைத்தேன். தடம் பார்ப்பவர் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார், மாற்றிச் சொல்ல ஆளில்லை. அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், விடுவித்துக்கொண்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டாள். இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது.

ஈஜிபுரா அப்படியே இருந்தது. தோண்டிய ரோடு தோண்டியபடி. மறுநாளே ஆபீஸ் போனேன். பக்கத்து சீட்டுக்காரி "சிங்கம் பாத்தீங்களா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். "அய்யோ, வேஸ்ட்" என்றாள். திரையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் பார்ப்பவர் தினமும் காலையில் ஒரு வரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பத்தாம் நாள்: ஒன்றுமில்லை. பதினொன்று: ஒன்றுமில்லை, நாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

காலையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தால் கை ஓடவில்லை. அந்தக் கை அகலத் தரையில் பால்காரரின் ஈரக்கால், எதிர்வீட்டுப் பெரியவரின் ரப்பர் செருப்பு, பூனையின் நாலு பொட்டு. பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"என்ன, வாசல்ல ஏதாவது ஆடு காணாமப் போயிருக்கா?"

"சும்மா இருங்க."

"அங்க ஒரு ஆடு சாகணும்னு வேண்டிக்கிற. கோயில்ல ஆடு வெட்டினா மூஞ்சியத் திருப்பிக்கிற. எந்த சாமி உன்னைக் கணக்குல வெச்சுக்கும் சொல்லு."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அடுப்படியில் போய் நின்றுகொள்ளவேண்டியிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. யாருடைய ஆடு என்று நான் ஒருமுறைகூட யோசித்துப் பார்க்கவில்லை. வேண்டுதலில் ஆட்டுக்கு உடம்பே இல்லை. சாட்சி சொல்வதற்காக மட்டும் பிறந்த ஆடு, யாருக்கும் சொந்தமில்லாத ஆடு.

பன்னிரண்டாம் நாள், ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் நாள் செய்தியே வரவில்லை. மத்தியானம், சாயங்காலம், இல்லை. நான் சாப்பிடவில்லை. ஆபீஸ் காரிடாரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். செக்யூரிட்டி அண்ணா, "ஏன் மேடம், வாக்கிங்கா?" என்றார்.

பதினாலாம் நாள் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறினேன். தொம்மலூர் மேம்பாலம் தாண்டியதும் நெரிசலில் நின்றுவிட்டது. போன் அதிர்ந்தது. தடம் பார்ப்பவர், குரல் செய்தி. காதோடு வைத்துக்கொண்டேன்.

"நேத்து ராத்திரி ஒரு ஆடு போச்சு. தடம் இருக்கு, தெளிவா இருக்கு. கழுதைப்புலி. நாயை அவுத்துட்டாங்க."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டு அம்மா, "ஏனாயிது, ஏனாயிது?" என்று பதறினாள். ஒன்றுமில்லை, நல்ல செய்தி, ஒரு நாய் பிழைத்துக்கொண்டது என்று கன்னடத்தில் சொன்னேன். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உடம்பெல்லாம் லேசாகி, கம்பியைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது. எத்தனை நாளைக்குப் பிறகு! எழுதினேன்: நன்றி, நன்றி. அதற்குப் பிறகுதான், மரியாதைக்குக் கேட்பதுபோல, எழுதினேன்: யாருடைய ஆடு?

இரண்டு சிக்னல் தாண்டியும் பதில் வரவில்லை. பிறகு வந்தது.

"அவளோடதுதான். பால் குடுத்துட்டிருந்த வெள்ளாடு, ரெண்டு குட்டி போட்டது. அவ பட்டிக்குத்தான் நாய் இல்லையே. நீ இருந்த வரைக்கும் உன் அறையில ராத்திரி முழுக்க விளக்கு எரிஞ்சுது, அந்த வெளிச்சத்துக்குக் கழுதைப்புலி இந்தப் பக்கம் வரல. நீ போனதும் இருட்டாயிருச்சு. நேத்து காலையில பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன், அதான் செய்தி போட முடியல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மணலைப் படிப்பதுபோலப் படித்துச் சொன்னார். இங்கே வந்தது, இங்கே நின்றது, இப்படிப் போனது.

ஈஜிபுரா நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. அடுத்ததும் போயிற்று. போனின் மைக்கை அழுத்திக்கொண்டு, தடம் பார்ப்பவரின் எண்ணிலேயே, அவளுக்குப் பேசினேன். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன், இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிட்டேன். நானும் வேண்டிக்கிட்டேன்மா, ஆடு சாகணும்னு நானும்தான் வேண்டிக்கிட்டேன், அது உன் ஆடுன்னு தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் வேண்டிக்கிட்டிருப்பேனோ என்னவோ, உன் பாலைத்தானே குடிச்சேன், அந்த ஆட்டுப் பாலைத்தானே. முன்சீட்டு அம்மா இப்போது திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்தவள் போலிருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் கூப்பிட்டார். "எங்க இருக்க?"

"நிறுத்தம் தாண்டிட்டேன்."

"என்னாச்சு, சேதி வந்துச்சா?"

"நாயை விட்டுட்டாங்க."

"அப்பாடா."

"அவ ஆடு போயிடுச்சுங்க."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனுஷர். அவர் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது, இன்னொன்று அடித்தது. "நடந்து வராத, ஆட்டோ பிடிச்சு வா" என்று மட்டும் சொன்னார்.

இறங்கி ஆட்டோவுக்காக நின்றபோது தடம் பார்ப்பவரின் கடைசிச் செய்தி வந்தது.

"நீ என்ன சொன்னன்னு எனக்குப் புரியல. அவளுக்கும் புரியல. ஆனா முழுசாக் கேட்டா. உனக்கு வருத்தமா இருக்கான்னு என்கிட்ட கேட்டா, குரலைப் பாத்தா அப்படித்தான் தெரியுதுன்னு சொன்னேன். 'இருந்தா இருக்கட்டும்'னா. பக்கத்துப் பட்டியில பால் கறக்கிற ஆடு ஒண்ணு இருக்காம். ரெண்டு குட்டியையும் கையில எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. நாய் பின்னாலயே போகுது."